பத்து மில்லிசெகண்ட் முன்னால்

மார்ச் 6

சின்னவளுக்கு,

விசாரணைக் குழுவின் இடைக்கால அறிக்கை நேற்று பதிவுத் தபாலில் வந்தது. பதினோரு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. பெயர் போடவில்லை. 'கள அளவீட்டுப் பொறியாளர்' என்று போட்டிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்தது நான் ஒருத்திதான் என்பதால் பெயர் போடாததில் எனக்கு எந்த லாபமும் இல்லை.

பத்தி சொல்வது இது. பிப்ரவரி 11 அன்று துறைமுகத்தில் ஆளில்லாச் சரக்கு வண்டி நிற்காமல் போய் ஒரு தொழிலாளியின் காலில் ஏறியது. வண்டியின் சிக்னல் முன்கணிப்பு தவறியதே காரணம். முன்கணிப்புக்குக் கற்றுக்கொடுக்கப் பயன்பட்ட பதிவுகளில் நேரப் பிழை இருந்தது. கள அளவீட்டுப் பொறியாளர் ரிசீவரின் கடிகாரம் சூடேறும் முன்பே பதிவைத் தொடங்கி, பிறகு அதை மறைத்துவிட்டார். ஆதாரம் என்ற இடத்தில் 'ஆய்வகத்தின் வாய்மொழித் தகவல்' என்று இருக்கிறது. முன்கணிப்பை உருவாக்கிய உன் ஆய்வகம்.

அந்தக் கடிகார விஷயம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொருத்தி, போன ஆண்டு ஜூனில் உன் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள். நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். "முதல் வாரம் சொதப்பிட்டேன்டி. விடியக்காலையில கப்பல் இல்லாத நேரமாச்சேன்னு அவசரப்பட்டு, அரை மணி நேரம் காய விடாம ரெக்கார்டிங்கை ஆரம்பிச்சுட்டேன். மணிக்கு ரெண்டு மில்லிசெகண்ட் ஓடிப்போயிருக்கு" என்றேன். நீ சிரித்தாய். "அளவுகோலே தப்புப் பண்ணிருச்சா? அப்பா இருந்திருந்தா லட்டர் போட்டுச் சொல்லியிருப்பேன்" என்றாய்.

அந்த ஏழு நாள் பதிவையும் அழித்துவிட்டு, என் விடுப்பில் ஏழு நாள் எடுத்து மறுபடி அளந்தேன். உனக்கு வந்த பதினான்கு டிஸ்க்குகளில் ஒன்றுகூட அந்த முதல் வாரத்தைச் சேர்ந்தது இல்லை. இதுவும் உனக்குத் தெரியும்.

போன் செய்யாததற்குக் காரணம் உண்டு. போன் செய்தால் நீ அழுவாய், நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன், கேட்க வந்தது அப்படியே நின்றுவிடும். ஆகவே எழுதிக் கேட்கிறேன். குழுவிடம் அதைச் சொன்னது நீயா? ஒரு வரி போதும்.

அக்கா

மார்ச் 12

அக்கா,

உன் கடிதத்தைக் கதவைக்கூடச் சாத்தாமல் வாசலிலேயே நின்று படித்தேன். உள்ளே வந்தபோது அம்மா, "யாருடி லட்டர்? இந்தக் காலத்துல யாரு லட்டர் போடுறா?" என்று கேட்டாள். கம்பெனிக் கடிதம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வகையில் பொய்யும் இல்லை.

நீ எழுதியதே நல்லது. கம்பெனி வக்கீல் போனில் எதுவும் பேசக்கூடாது, மெயிலில் எதுவும் எழுதக்கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தபாலைப் பற்றி அவருக்கு ஞாபகமே வரவில்லை போலிருக்கிறது.

அம்மாவுக்கு இடது முழங்காலுக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். வலது கால் பழகிவிட்டது. கைப்பிடி பிடித்து மாடி ஏறுகிறாள். "பெரியவ எப்ப வருவா" என்று தினமும் இரண்டு தடவை கேட்கிறாள். நீ இப்போது ரயில் சுரங்கத்துக்குள் சிக்னல் அளக்கும் வேலையில் இருக்கிறாய், அங்கே போன் எடுக்காது என்று சொல்லிவைத்திருக்கிறேன். சுரங்கத்துக்குள் இருட்டாக இருக்குமே, என் பிள்ளை பயப்படுவாளே என்கிறாள். உன்னைப் போய்!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வக்கீல் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். பாதியில், "அளவீட்டுல எப்பவாவது ஏதாவது பிரச்சினை வந்திருக்கா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க, அப்புறம் வேற யாராவது சொன்னா நமக்குத்தான் அசிங்கம்" என்றார். ஒரே ஒரு தடவை ஆரம்பத்தில் கடிகாரம் கொஞ்சம் ஓடியது, பிறகு சரிசெய்துவிட்டார்கள் என்றேன். 'சரிசெய்துவிட்டார்கள்' என்ற இடத்தில் அவர் பேனாவை மூடிவிட்டார். நான் சொன்னதில் எது பொய், சொல்லு.

அறிக்கையில் இருப்பது அவர் குழுவிடம் சொன்ன வாசகம். நான் படித்தபோது அது அச்சாகிவிட்டது. 'மறைத்தார்' என்ற சொல் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார் அக்கா. உன் பெயர் அதில் இல்லை. உனக்கு வேறு ஊரில் வேறு வேலை இருக்கிறது. இங்கே நாற்பது பேரின் பிழைப்பு. கடிகாரத்தால் வந்த பிழை என்றால் ஒரு திருத்தம் போட்டால் முடிந்தது, ஏப்ரல் 8 திங்கட்கிழமை வண்டிகளை மறுபடி ஓட்டிக்கொள்ளலாம் என்று குழு சொல்லிவிட்டது. எல்லோரும் மூச்சு விட்டோம்.

கொஞ்சம் விட்டுக்கொடேன். நீ எதையும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

சின்னவள்

மார்ச் 16

சின்னவளுக்கு,

ஒரு வரி கேட்டேன், இரண்டு பக்கம் வந்தது. அந்த ஒரு வரியும் உள்ளே இருந்தது. சரி.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, அடிபட்ட தொழிலாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கன்டெய்னர் பெட்டிகளின் மூலைகளில் பூட்டுக் கழற்றும் வேலை அவருடையது. அதனால் கரையில் எல்லோருக்கும் அவர் பூட்டுக்காரர். அளவெடுக்கப் போன நாட்களில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர். வலது பாதம் கணுக்காலோடு போய்விட்டது. போர்வையின் அந்தப் பக்கம் தட்டையாக இருந்தது. கோபமாகப் பேசுவார் என்று நினைத்துப் போனேன். "வண்டி எப்படிம்மா நிக்காம வந்துச்சு? நான் நிறுத்துற பட்டனை அமுக்கினேனே" என்று மட்டும் கேட்டார். ஒரு மாதமாக யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

அவரிடம் சொன்னபடியே உனக்கும் எழுதுகிறேன். நீ ஒரு தடவை இதை இந்த மாதிரி கேட்க வேண்டும்.

டவரிலிருந்து வண்டிக்குப் போகும் அலை ஒரே வழியில் போவதில்லை. பெட்டிச் சுவர்களில், கப்பல் உடம்பில், தண்ணீரில் எல்லாம் மோதித் திரும்பிப் பல வழிகளில் வந்து சேருகிறது. சில இடங்களில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சிக்னல் விழுந்துவிடும். வண்டி ஒரு சாண் நகர்ந்தால் மறுபடி எழுந்துவிடும். ஒவ்வொரு தடவை விழும்போதும் வண்டி நின்றால் கப்பலில் ஒரு பெட்டிகூட ஏறாது. அதனால்தான் முன்கணிப்பு. கடைசி நூறு மில்லிசெகண்டில் சிக்னல் எப்படி இருந்தது என்று பார்த்து, அடுத்த பத்து மில்லிசெகண்டில் எப்படி இருக்கும் என்று அது சொல்லும். 'வந்துவிடும்' என்று சொன்னால் வண்டி நிற்காமல் போகும். அன்று கிரேன் ஒரு பெட்டியைக் குறுக்கே இறக்கிக்கொண்டிருந்தது. சிக்னல் ஒரு சாணில் திரும்பி வரவில்லை. பட்டனின் கட்டளையும் வண்டிக்குப் போய்ச் சேரவில்லை. அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கிறது: 900 மில்லிசெகண்ட் சிக்னல் இல்லை. பத்துக்கு ஒரு தடவையாக, தொண்ணூறு தடவை உன் முன்கணிப்பு 'வந்துவிடும்' என்று சொன்னது. அதற்குள் வண்டி ஐந்து மீட்டர் போய்விட்டது.

அதைக் கேட்டுவிட்டு அவர், "அப்போ அது ஒண்ணும் பாக்கலை. நம்பிக்கிட்டே வந்திருக்கு" என்றார். பிறகு, எட்டாம் தேதி மறுபடி ஓட்டப் போகிறார்களாமே என்றார். அவர் இடத்தில் இப்போது பூட்டுக் கழற்றுவது அவருடைய மச்சான்.

இரண்டு மில்லிசெகண்ட் கடிகாரப் பிழையால் தொண்ணூறு தடவை தொடர்ந்து தவறாது. இது எனக்குத் தெரிந்தால் உனக்கும் தெரியும். உனக்குத் தெரிந்தும் நீ மூச்சு விட்டிருக்கிறாய்.

என் பதினான்கு டிஸ்க்குகளையும் அனுப்பு. என் பதிவுகளையும், நீ அவற்றில் செய்த வேலைகளையும் சேர்த்து. நானே பார்க்கிறேன்.

அக்கா

மார்ச் 21

அக்கா,

பார்சல் இன்று காலை போய்விட்டது. பதினான்கும் இருக்கின்றன, எண்ணிக்கொள். எண்ணாமல் விட மாட்டாய்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று எழுதியிருக்கிறாய். நான் போகவில்லை என்று நீ எழுதவில்லை, ஆனால் அந்தப் பக்கம் முழுக்க அதுதான் எழுதியிருக்கிறது. நான் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் கீழே ரிசப்ஷன் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். எந்த வார்டு என்று கேட்டார்கள்.

நீ கரையில் நின்று அளப்பாய். காற்று, வெயில், டீ வாங்கிக் கொடுக்க ஆட்கள். ஆறு வருஷமாக அம்மாவின் மாத்திரை எத்தனை மணிக்கு என்று உனக்குத் தெரியுமா? எந்த டாக்டர், எந்த நாள், பாத்ரூமில் எந்தப் பக்கம் கைப்பிடி என்று தெரியுமா? நீ மாதத்துக்கு ஒரு தடவை வந்து, சமையலறையில் பாத்திரம் துடைத்து, உன் வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவாய். "அளவுகோல் வந்திருச்சு, எல்லாரும் நேரா நில்லுங்க" என்று அப்பா கேலி செய்வாரே. கேலி இல்லை, நாங்கள் நிஜமாகவே நேராக நின்றோம்.

என் வாழ்க்கையில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. முன்கணிப்பு அவ்வளவு சரியாக வந்தது என்று கூட்டத்தில் காட்டியபோது கம்பெனித் தலைவர் எழுந்து நின்றார். அதுவரைக்கும் அந்த அறையில் எனக்கு யாரும் எழுந்து நின்றதில்லை.

இப்போது கேள். நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய், நானே சொல்லிவிடுகிறேன். உன் பதிவுகளில் இரைச்சல் அதிகம். கிரேன் மோட்டார், வெல்டிங், எல்லாம் சேர்ந்து. அதைச் சுத்தம் செய்ய, ஒவ்வொரு மில்லிசெகண்டையும் அதற்கு முந்திய பத்தோடும் பிந்திய பத்தோடும் சேர்த்துச் சராசரி எடுத்தேன். எல்லோரும் செய்வதுதான். சுத்தமான பதிவை வைத்து முன்கணிப்புக்குக் கற்றுக்கொடுத்தேன், அதே பதிவில்தான் சோதித்தேன். பிந்திய பத்தும் அந்தச் சராசரிக்குள்ளேயே கலந்திருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. அடுத்த பத்து என்ன என்று கேட்டால், அது ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறது. கரையில் ஓடும் வண்டிக்கு அடுத்த பத்தை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

இது விபத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சத்தியமாக. அதற்குள் வக்கீல் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. பேசாமல் இருந்தேன்.

திட்டுவதென்றால் திட்டு. அம்மாவுக்கு எழுதாதே.

சின்னவள்

மார்ச் 27

சின்னவளுக்கு,

டிஸ்க்குகள் வந்தன. எண்ணினேன். பதினான்கு.

மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். உன் முறையில் சராசரி எடுத்தால் தொண்ணூற்றேழு வருகிறது. முந்திய பத்தை மட்டும் வைத்து எடுத்தால் எழுபத்தொன்று. அதாவது நூறில் இருபத்தொன்பது தடவை அது சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தவறுக்காக உன்னைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. நான் கடிகாரத்தைக் காய விடாமல் ஆரம்பித்தவள். உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அந்த இரைச்சலைப் பார்த்துப் பொறுக்காமல் முன்னும் பின்னும் சேர்த்துத் துடைத்திருப்பேன். எண் நன்றாக வந்ததும் ஏன் இவ்வளவு நன்றாக வருகிறது என்று கேட்டிருக்க மாட்டேன். யாரும் கேட்பதில்லை.

பதினோராவது டிஸ்க்கில் 'மறுபடி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் நீயே முந்திய பத்தை மட்டும் வைத்துச் சோதித்த முடிவு இருக்கிறது. எழுபத்தொன்று என்று உன் முடிவும் சொல்கிறது. ஃபோல்டரின் தேதி ஜனவரி 23.

விபத்து பிப்ரவரி 11.

தேதி தவறாக இருக்குமோ என்று பார்த்தேன். அதே நாளில் நீ சேமித்த வேறு நான்கு கோப்புகளும் அதே தேதியோடு இருக்கின்றன. அவற்றில் ஒன்று அம்மாவின் எக்ஸ்ரே. நீ எனக்கு அதே நாளில் அனுப்பிய எக்ஸ்ரே. என் போனிலும் ஜனவரி 23 என்றுதான் இருக்கிறது.

பத்தொன்பது நாள். உன் சத்தியத்தை வைத்து நான் என்ன செய்ய?

அந்த டிஸ்க்கை மறந்து அனுப்பினாயா, நான் பார்க்கட்டும் என்று அனுப்பினாயா? தெரியவில்லை. நீ இரண்டாவதைச் சொன்னால் நான் நம்பிவிடுவேன் போலிருக்கிறது. அதனால் சொல்லாதே.

உன் கோபத்தைப் பற்றி. அம்மாவின் மாத்திரை எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆறு வருஷம் உன் மேல் போட்டுவிட்டுப் போனேன் என்பதும் உண்மை. அதை நீ எப்போது வேண்டுமானாலும் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம், நான் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். நீ அதைச் சொல்லாமல் வைத்திருந்து, பாத்திரம் துலக்கும்போது நம்பிச் சொன்ன ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் வக்கீல் மேசையில் வைத்தாய். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகாது.

குழு ஏப்ரல் 5 வெள்ளிக்கிழமை கடைசியாகக் கூடுகிறது. எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. டிஸ்க்கை நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவள் கொண்டுவந்த டிஸ்க் என்று அதை ஆறு மாதம் நிபுணரிடம் அனுப்பிவிடுவார்கள், எட்டாம் தேதி வண்டி ஓடும். செய்தவள் வந்து சொன்னால் அன்றே நிற்கும். எனக்காகக் கேட்கவில்லை. பூட்டுக்காரரின் மச்சானுக்கு இரண்டு பாதமும் இன்னும் இருக்கின்றன.

வா. வந்து சொல்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், வெள்ளிக்கு முன்னால் கிடைக்கட்டும்.

பத்தொன்பது நாளில் நான் என்ன செய்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் நாள் தலைவருக்கு மெயில் எழுதி, அனுப்பாமல் வைத்தேன். நான்காம் நாள் அவர் அறைக்கே போனேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே துறைமுகத்துக்காரர்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர், "வாங்க வாங்க, உங்களைப் பத்திதான் பேசிட்டிருந்தோம்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். கைதட்டினார்கள். வண்டிகளின் வேகத்தைக் கூட்ட அன்றுதான் முடிவு செய்தார்கள், என் எதிரிலேயே. நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், இன்று ஒன்றும் ஆகவில்லை, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போயிற்று. அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தேன். பதினைந்து நாள் வேலை அது. எட்டாவது நாளில் இருந்தேன்.

எழுதிக் கொடுத்துவிட்டேன், அக்கா. நேற்று குழுவின் செயலாளரிடம் நேரில் போய்க் கொடுத்தேன். நான்கு பக்கம். சராசரி, தொண்ணூற்றேழு, எழுபத்தொன்று, ஜனவரி 23, எல்லாம் இருக்கிறது. உன் பதிவுகளில் நேரப் பிழை எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறேன். தலைவர் என்னைப் பார்த்துவிட்டு லிஃப்டில் ஏறாமல் படியில் போனார். வீட்டில் என் கணவர், "உன் அக்கா சொல்லித்தானே இதெல்லாம்?" என்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அதில் ஒரே ஒரு வரி உனக்குப் பிடிக்காமல் போகலாம். அங்கே வைத்து அதற்காகச் சண்டை போடாதே. தனியாக நிற்க எனக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே நான் தனியாக நின்றதில்லை, உனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. எழுத்தில் கொடுத்தால் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அன்று அட்மிஷன்.

சின்னவள்

ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

நேற்று நடந்ததை எழுதுகிறேன். உனக்குக் கம்பெனி வழியாகவும் தெரிந்திருக்கும், ஆனால் அவர்கள் சுருக்கிச் சொல்வார்கள்.

நீளமான அறை, நீளமான மேசை. குழுவில் மூன்று பேர். எதிரே வக்கீல், தலைவர். சுவர் ஓரமாகப் பூட்டுக்காரர் சக்கர நாற்காலியில், பக்கத்தில் மச்சான், வேலை உடுப்போடு. உன் நான்கு பக்கத்தையும் செயலாளர் சத்தமாகப் படித்தார். நன்றாக எழுதியிருந்தாய். நீ எழுதியதிலேயே தெளிவானது அதுதான். சராசரியைப் பற்றிய இடத்தில் குழுவின் மூத்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை படிங்க" என்றார்.

மூன்றாம் பக்கத்தின் கடைசியில் அந்த வரி வந்தது. 'ஜனவரி 23 அன்று இந்தப் பிழையைக் கண்டதும் கள அளவீட்டுப் பொறியாளரான என் அக்காவிடம் தெரிவித்தேன். அடுத்த பதிப்பில் சரிசெய்யும்வரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம்.'

அன்று நீ எனக்கு அனுப்பியது அம்மாவின் எக்ஸ்ரே. அதன் கீழே, 'முட்டி தேஞ்சு போச்சாம், பயப்படாதே' என்று எழுதியிருந்தாய். வேறொன்றும் எழுதவில்லை.

வக்கீல் முதலில் நிமிர்ந்தார். பொய்யை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். "மேடம், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? தெரியாதுன்னா தாராளமா மறுக்கலாம். உங்க உரிமை அது" என்றார். மிக அன்பாகச் சொன்னார். நான் குழுவிடம், மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். மூத்தவர் விதியை எடுத்துச் சொன்னார். வாக்குமூலத்தின் ஒரு பகுதியைச் சம்பந்தப்பட்டவர் மறுத்தால், அது முழுவதும் சரிபார்ப்புக்குப் போகும். முடிவு வரும்வரை இடைக்கால அறிக்கைதான் நடப்பில் இருக்கும். அதாவது கடிகாரம், திருத்தம், திங்கட்கிழமை. இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அன்றே உத்தரவு போடலாம்.

வக்கீல் காத்திருந்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார்.

நான் பூட்டுக்காரரின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவருக்காகச் செய்தேன் என்று ஆகிவிடும். ஆனால் அவருக்குக் கேட்கும் தூரத்தில்தான் சொல்ல வேண்டியிருந்தது. "தெரியும். ஜனவரியிலேயே தெரியும்" என்றேன்.

என் வாழ்நாளில் அளந்து பார்க்காத ஒன்றின் கீழே நான் போட்ட முதல் கையெழுத்து அது. நான்கு பக்கத்திலும் போடச் சொன்னார்கள். போட்டேன். பூட்டுக்காரரின் மச்சான் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, "அவர்கிட்ட டீ எல்லாம் வாங்கிக் குடிச்சீங்களேம்மா" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பூட்டுக்காரர் நாற்காலியைத் திருப்பச் சொன்னார்.

மாலை நாலரைக்கு உத்தரவு வந்தது. வண்டிகள் திங்கட்கிழமை ஓடாது. முன்கணிப்பை எடுத்துவிட்டு, சிக்னல் விழுந்தால் நிற்கும் பழைய முறைக்கு மாற்றும்வரை ஓடாது. எனக்கு மூன்று ஆண்டுகள் எந்த அளவீட்டிலும் கையெழுத்திடும் உரிமை கிடையாது. சுரங்க வேலையில் இன்று காலை சொல்லிவிட்டேன். கருவிகளைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

நீ தானாக முன்வந்ததால் உனக்கு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். இது உனக்குத் தெரிந்திருக்கும்.

தனியாக நிற்கப் பயம் என்று எழுதியிருந்தாய். கூப்பிட்டிருந்தால் உன் பக்கத்தில் வந்து நின்றிருப்பேன், சின்னவளே. எனக்குத் தெரியாது என்ற உண்மையோடு நின்றிருப்பேன். நீ என்னைக் கூப்பிடவில்லை, என்னைக் கேட்காமல் எழுதிவைத்தாய். நான் மறுக்க மாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. இதுவரை நீ சொன்ன முன்கணிப்புகளில் நூற்றுக்கு நூறு சரியாக வந்தது அது ஒன்றுதான்.

அம்மாவின் ஆபரேஷன் எப்படி ஆனது என்று ஆஸ்பத்திரிக்கே போன் செய்து கேட்டுக்கொண்டேன். நன்றாக ஆனதாம். இனி வேலை இல்லை. அம்மா வீடு திரும்பியதும் நான் வந்து என்னோடு அழைத்துப்போகிறேன். மாத்திரைகளை நேரத்தோடு ஒரு தாளில் எழுதி அம்மாவின் பையில் வைத்துவிடு. நான் வரும் நாளை அம்மாவிடமே சொல்வேன். அன்று நீ வீட்டில் இருக்க வேண்டாம்.

உனக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம் இது. பதில் போடாதே. போட்டாலும் பிரிக்க மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். பிரித்துவிடுவேன் என்று தெரிகிறது. அதனால்தான் கேட்கிறேன், போடாதே.

அக்கா